பிள்ளையை எந்த வளாகத்துக்கு அனுப்புவது?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலும் கடைக்கு வந்துவிட்டால், முள்ளியவளை, தண்ணீரூற்று, வற்றாப்பளை, குமுழமுனைப் பக்கத்து வீடுகளில் ஒரு புதுக் கவலை குடியேறி விடுகின்றது. பிள்ளை சித்தியெய்தி விட்டது. இசற் புள்ளியும் பரவாயில்லை. இனி எந்தப் பல்கலைக்கழகத்தை முதலாவதாக எழுதுவது, எதை இரண்டாவதாக எழுதுவது? காணி உறுதியைத் தேடி எடுப்பதற்கும், நிவாரண அட்டைக்கு வரிசையில் நிற்பதற்கும், பதிவு என்றால் ஐந்து பிரதி எடுத்து வைப்பதற்கும் நன்கு பழகிவிட்ட எமது குடும்பங்களுக்கு இந்தப் படிவம் மட்டும் அந்நியமாக இருக்கின்றது. பலர் அதை நிழற்பிரதிக் கடையிலே கணினிக்கு முன்னால் இருக்கும் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வாங்கில் இருந்து தேநீர் குடிக்கின்றனர். அந்தத் தம்பி கெட்டிக்காரர்தான். ஆனால் அவருக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது, உங்கள் வீட்டு நிலைமையும் தெரியாது.

முதலில் படிவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 கல்வியிற் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. முல்லைத்தீவும் அந்தப் பதினாறில் ஒன்று. கற்கைநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்தே ஓர் இலக்கம். அந்த இலக்கங்களைப் பிள்ளை விரும்பும் ஒழுங்கில் எழுதவேண்டும். மேலே எழுதியதற்குப் புள்ளி போதுமாயின் அது கிடைக்கும். போதாதாயின் அடுத்தது பார்க்கப்படும். எனவே எட்டாது என்று நினைப்பதை மேலே எழுதுவதால் கீழே உள்ளது பறிபோய்விடாது. பயத்தினாலே பக்கத்தில் இருப்பதை மேலே எழுதினால், அதற்குப் புள்ளி போதுமாயின், மற்றதெல்லாம் அப்படியே போய்விடும். அதன் பின்னர் அழுது பயனில்லை.

இனி நாம் பேச எடுத்துக்கொண்ட விடயத்துக்கு வருவோம். பங்கு மனைக்கு வந்து ஆலோசனை கேட்கும் பெற்றோர், பாடத்தைப் பற்றிக் கேட்பது குறைவு. கேட்பதெல்லாம் இடத்தைப் பற்றித்தான். "பாதர், அது கிட்டவோ?" என்பது முதற் கேள்வி. "காட்டுக்குள்ளையாமே?" என்பது இரண்டாவது. "சிங்கள இடமெல்லே?" என்பது மூன்றாவது. படித்தவர்கள் சிலர் இக்கேள்விகளைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். நாம் சிரிக்கமாட்டோம். 1984 இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணியிலிருந்து உடுத்த துணியோடு எழுந்து வந்தவர்களும், 2009 இல் ஒரு பதுங்குகுழியை மூடுமுன் அடுத்ததை வெட்டியவர்களும், 2017 இல் கேப்பாப்புலவில் தம் சொந்தக் காணியின் வாயிலில் பந்தல் போட்டு இருந்தவர்களும் இடத்தைப் பற்றிக் கேளாமல் வேறு எதைப் பற்றிக் கேட்பார்கள்? இடம் எது என்பது எமக்கு உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வியாக இருந்து வந்திருக்கின்றது. கேட்பது சரி. ஆனால் பதிலை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதிலேயே எமக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

இந்த நாட்டிலே முதலாவது பல்கலைக்கழகம் உருவாகும்போதே இடச் சண்டையும் கூடப் பிறந்துவிட்டது. இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி 1921 இல் கொழும்பிலே தொடங்கப்பட்டது. அதை முழுப் பல்கலைக்கழகமாக ஆக்குவதானால் கொழும்பிலேயே வைப்பதா, கண்டிப் பக்கத்துக்குக் கொண்டுபோவதா என்று பெரியவர்கள் ஆண்டுக்கணக்காக வாதாடினர். பெரிய ஆஸ்பத்திரி, நீதிமன்றங்கள், நூல் நிலையங்கள் எல்லாம் கொழும்பில். பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வரலாம், செலவு குறைவு என்றனர் ஒரு சாரார். நகரத்துச் சந்தடி கூடாது, மாணவர் ஒன்றாகத் தங்கிப் படிக்க வேண்டும், மலைநாட்டுச் சுவாத்தியம் நல்லது என்றனர் மறு சாரார். பத்திரிகைகளும் சட்டசபையும் இதனால் சூடேறின. ஈற்றிலே பேராதனை தெரிவாகியது. 1942 இல் பல்கலைக்கழகம் உருவாகிய போதிலும், பேராதனைக்கு மாணவர் பெருமளவில் சென்று சேர 1952 ஆகிவிட்டது. அப்போதும் மருத்துவ பீடம் கொழும்பை விட்டு அசையவில்லை. நோயாளியும் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கும் இடத்திலேதான் வைத்தியம் படிக்கலாம் என்பது அதற்கான நியாயம். பேராதனையில் மருத்துவ பீடம் தொடங்க 1962 வரை செல்லவேண்டி இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்று வாதாடிய இரு சாராரும் சுவாத்தியத்தையும் செலவையும் பற்றிப் பேசினர். உழுகின்றவனுக்கு அந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு தூரம் என்று கேட்டவர் மிகச் சிலரே. அன்றைய நிலையில் வன்னியிலிருந்து ஒரு கமக்காரனின் பிள்ளை அங்கே போய்ச் சேருவது நடக்கக்கூடிய காரியமாக யாருக்கும் தோன்றவில்லைப் போலும்.

எமது தமிழ்த் தலைவர்களும் சளைத்தவர்களல்லர். தமிழருக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அது திருகோணமலையிலா யாழ்ப்பாணத்திலா என்பதிலே பிளவுபட்டனர். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி நிலத்தில் திறக்கப்பட்டபோது அதற்கு எதிர்ப்பும் இருந்தது. மட்டக்களப்பிலே 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று வந்தாறுமூலையில், நகரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தொடங்கியது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாகியது. 1990 இல் அந்த வளாகமே அகதி முகாமாக மாறி, செப்டெம்பர் 5 ஆந் திகதி அங்கிருந்து 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பி வராமற் போனதை எம் மக்கள் மறக்கவில்லை. 1995 இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்ததற்கும் யுத்தமே காரணம். முஸ்லிம் மாணவர் யாழ்ப்பாணத்துக்கும் வந்தாறுமூலைக்கும் போக முடியாத நிலையில் அது உருவாயிற்று. ஆக, எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் எவையும் அழகான மலைச்சாரலைப் பார்த்து ஆறுதலாகத் தெரிந்தெடுக்கப்பட்ட இடங்களில் எழுந்தவையல்ல. அகதிகள் போலவே கிடைத்த இடத்தில் அடுப்பு மூட்டியவை.

ஆனால் இடத்தை அறிந்து தெரிந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அக்கரையில் ஓர் உதாரணம் உண்டு. சென்னை சைதாப்பேட்டையில் 1868 இல் தொடங்கிய விவசாயப் பள்ளி, 1906 இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. 1912 இல் அதே ஊரிலே கரும்பு இனப்பெருக்க நிலையமும் அமைந்தது. கரும்பு எல்லா இடத்திலும் வளரும். ஆனால் பூத்து விதை கட்டுவது எல்லா இடத்திலும் நடக்காது. கோயம்புத்தூர்ச் சுவாத்தியத்தில் அது நடந்தது. அதனாலேயே அங்கே புதுக் கரும்பு இனங்களை உருவாக்க முடிந்தது. இடம் அங்கே பாடத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. சைதாப்பேட்டையில் எவ்வளவு பெரிய கட்டடம் கட்டியிருந்தாலும் கரும்பு அதற்காகப் பூத்திராது.

இதே கண்ணோடு எமது பக்கத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சிக்கென்று தொடங்கப்பட்டது. யுத்தம் அதை இடம்பெயர்த்தது. குடாநாட்டுக்குச் சென்று, அங்கே இருந்து, யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின்னரே கிளிநொச்சி அறிவியல்நகருக்குத் திரும்பி வந்தது. எங்களைப் போலவே அதுவும் மீளக்குடியமர்ந்த ஒரு குடும்பம் என்றால் மிகையாகாது. பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இப்போது அதற்கு அயலவர்கள். இந்திய அரசின் உதவியும் அக்கட்டடங்களில் சேர்ந்திருக்கின்றது.

அறிவியல்நகர் எங்கே இருக்கின்றது? ஏ-9 வீதியில், முறிகண்டிப் பிள்ளையாருக்கும் கிளிநொச்சி நகருக்கும் இடையில். சில கிலோமீற்றர் உள்ளே போனால் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளம். வீதியின் இரு பக்கமும் வன்னியின் செங்கபில மண். குடாநாட்டிலே செம்மண்ணும் கிணறும் உண்டு; வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் அங்கே நன்றாகப் படிக்கலாம். ஆனால் மதகைத் திறந்து வாய்க்காலுக்கு வாய்க்கால் தண்ணீர் பங்கிடுவதையும், காலபோகத்துப் புழுதி விதைப்பையும், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கமக்காரர் கூட்டத்திலே அடிபிடிப்படுவதையும் பெரிய குளம் இல்லாத இடத்தில் எப்படிப் படிப்பது? பேராதனை விவசாய பீடமே இதை உணர்ந்து, வரண்ட வலயக் கமத்தைப் படிப்பிப்பதற்கு மகாஇலுப்பள்ளமையில் ஓர் உபவளாகத்தை வைத்திருக்கின்றது. மலைநாட்டுப் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு தேடிப்போகும் வரண்ட நிலத்தை நாம் வாசலிலே வைத்துக்கொண்டு "அது காடு" என்று முகம் சுளிக்கின்றோம்.

நாசரேத்தூரைப் பற்றி நத்தனியேல் பிலிப்பிடம் என்ன கேட்டார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே கேள்வியைத்தான் எமது பெற்றோரும் கிளிநொச்சியைப் பற்றிக் கேட்கின்றனர்.

விவசாயம் படிக்கப்போகும் பிள்ளைக்கு வேறு இடங்களும் உண்டு. அநுராதபுரம் புளியங்குளமையில் ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தின் பீடம் இருக்கின்றது. அதுவும் குளத்து நாடு, எமது மண்ணுக்கு நெருங்கிய மண். மாத்தறை மாவட்டத்து மாப்பலானையும் வடமேற்கின் மாகந்துறையும் வேறு மழை, வேறு பயிர். கெட்டவை என்று நாம் சொல்ல வரவில்லை. பிள்ளை படித்துவிட்டு எந்த நிலத்துக்கு வரப்போகின்றது என்பதை எண்ணித் தெரிந்தெடுக்கவேண்டும் என்கிறோம். 2018 இல் படைப்புழு சோளத்தில் இறங்கியபோதும், 2021 இல் இரசாயன உரத்துக்குத் திடீரெனத் தடை வந்து சில மாதங்களிலே அது திரும்பப் பெறப்பட்டபோதும், ஒட்டுசுட்டானிலும் முத்தையன்கட்டிலும் கமக்காரர் யாரைப் போய்க் கேட்பது என்று தெரியாமல் நின்றனர். தன் மண்ணைத் தெரிந்த ஒரு படித்த பிள்ளை ஊருக்கு ஒருவர் இருந்தாலும் அந்த நிற்பு குறைந்திருக்கும்.

வவுனியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1991 இல் வடமாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமானது அது. மன்னார் வீதியில் பம்பைமடுவில் அதன் நிலம். அந்தப் பெயரைக் கேட்டால் எமது தாய்மாரிற் சிலருக்கு நெஞ்சு அடைக்கும் என்பதை நாம் அறிவோம். யுத்தம் முடிந்த காலத்தில் பெண் பிள்ளைகள் அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்தனர்; தம் பிள்ளையைப் பார்க்க அந்தப் படலையில் காத்து நின்றவர்கள் இன்னும் எம் நடுவே இருக்கின்றனர். இன்று அங்கே பிரயோக விஞ்ஞானமும் வியாபாரக் கற்கைகளும் தொழில்நுட்பக் கற்கைகளும் படிப்பிக்கின்றனர். ஓர் இடத்தின் பழைய துன்பத்தை மறக்கச் சொல்லும் அதிகாரம் எமக்கு இல்லை. அந்தத் துன்பத்துக்காக அடுத்த தலைமுறையும் அப்படலையைத் தாண்டக்கூடாது என்று சொல்வதற்கும் எமக்கு மனம் வரவில்லை.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, "அப்ப பாதர் கிட்டவே அனுப்பச் சொல்லுறார்" என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இனித்தான் எமது கருத்தின் கசப்பான பகுதி வருகின்றது.

எம்மிடம் வந்த ஒரு குடும்பம். அவர்களது வயற்காணிக்கு எல்லை எது என்பதிலே பல ஆண்டுகளாக வழக்கு. வரைபடம் ஒருவிதமாய்ச் சொல்லும், வன இலாகாவின் கல் வேறுவிதமாய்ச் சொல்லும். மகள் கணிதப் பிரிவில் படித்துச் சித்தியெய்தினாள். நில அளவை விஞ்ஞானம் படிக்கும் தகுதி இருந்தது. அந்தப் பட்டப்படிப்பு சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில், இரத்தினபுரி மாவட்டத்துப் பெலிஹுலோயாவில். தாய் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?" தகப்பன் வாய் திறக்கவில்லை. பிள்ளையும் "வேண்டாம் அம்மா, நான் போகேல்லை" என்று தானாகவே சொல்லிவிட்டாள். இன்று விடியற்காலை ஆடைத் தொழிற்சாலைப் பேருந்துக்கு வீதியோரம் நிற்கின்றாள். அது மானமான உழைப்புத்தான். குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்தக் குடும்பம் இன்றும் எல்லைக் கல்லை அளப்பதற்குப் பிறத்தியாருக்குக் காசு கட்டுகின்றது. எமது மாவட்டத்தில் நிலத்தை அளக்கத் தெரிந்தவர், நிலச் சட்டம் தெரிந்தவர், காட்டைப் பற்றிப் படித்தவர் எத்தனை பேர் எம்மவர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

பெலிஹுலோயா தூரம்தான். மலையடிவாரம், குளிர், வேறு மொழி பேசும் சுற்றாடல். ஆனால் அந்தப் படிப்பு அங்கேதான் இருக்கின்றது. கிட்ட இருப்பதற்காக வேறு படிப்பைத் தெரிவது, கிணறு கிட்ட இருக்கிறதென்று உப்புத் தண்ணீரை அள்ளுவது போன்றது.

சிங்கள இடம் என்ற பயத்தைப் பற்றி: இது வெறுங் கற்பனையல்ல. ஆயினும் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். அறிவியல்நகரிலும் பம்பைமடுவிலும் தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கின்றனர். எம்பிலிப்பிட்டியிலோ குருநாகலிலோ ஒரு கமக்காரத் தாய் தன் மகளைக் கிளிநொச்சிக்கு ஏற்றிவிடும்போது, பெலிஹுலோயாவைப் பற்றி நீங்கள் கேட்கும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பாள். அவள் அனுப்பியிருக்கின்றாள். விஞ்ஞானம், பொறியியல் போன்றவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே படிப்பிக்கப்படுவதால், மொழிப் பயம் எல்லாருக்கும் பொது. கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்கு மட்டும் மொழி ஒரு பெரிய விடயம். தமிழ்மொழியில் கலைப் பட்டம் யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, பேராதனை, கொழும்பு ஆகியவற்றில் உண்டு. அவர்கள் அதைப் பார்த்தே எழுதவேண்டும்.

பகிடிவதை எங்கேயும் உண்டு, எமது பக்கத்திலும் உண்டு. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். பிள்ளையை அனுப்பமுன், "உனக்கு ஏதும் நடந்தால் வீட்டுக்குச் சொல்லு, நாங்கள் ஏசமாட்டோம்" என்று தகப்பன் வாயால் ஒருமுறை சொல்லிவிடவேண்டும். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் மௌனமாக விட்டு ஓடிவந்த பிள்ளைகள் உண்டு.

பெண்பிள்ளைகளின் விடயத்தில் நாம் இன்னும் வெளிப்படையாகவே பேசவேண்டும். ஆண்பிள்ளைக்கு மொறட்டுவையும் சரி, பெண்பிள்ளைக்கு மாங்குளத்துக்கு அப்பால் தூரம் என்ற கணக்கு எந்த நியாயத்தில் அடங்குகின்றது? யுத்த காலத்தில் பெண்பிள்ளைகளே குடும்பத்தைச் சுமந்தனர். தண்ணீர் அள்ளினர், காயக்காரரைத் தூக்கினர், முகாமிலே அதிகாரிகளோடு பேசினர். அன்று நீங்கள் தூரம் பார்க்கவில்லை. எமது கன்னியர் சபைகள் சில ஊர்களில் மாணவியர் விடுதி நடத்துகின்றன. மதம் பார்த்து இடம் கொடுப்பதில்லை. எந்த ஊருக்குப் பிள்ளை போவதானாலும், முதலில் அந்த ஊர்ப் பங்குத் தந்தையின் பெயரை எம்மிடம் கேட்டுக்கொண்டு போங்கள். இந்துக் குடும்பங்களும் தாராளமாகக் கேட்கலாம்.

செலவும் ஒரு கணக்கு. 2025 வரவுசெலவுத் திட்டத்தின்படி மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், மாணவர் உதவிப்பணம் 4,000 இலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. இன்றைய அரிசி விலைக்கு இது போதாது. ஆனால் வீட்டிலிருந்து அனுப்பவேண்டிய காசில் ஒரு பங்கு குறையும். கிட்டவுள்ள வளாகம் மலிவு என்பதும் எப்போதும் சரியல்ல. விடுதி இல்லாமல் வாடகை அறையில் இருந்து, வாரம் தோறும் வீட்டுக்கு ஓடி வரும் பிள்ளைக்குப் பேருந்துக் காசே பெரிய செலவு. தூரத்தில் விடுதி கிடைத்த பிள்ளை போகம் வெட்டும்போது மட்டும் வந்து போகின்றது. ஆதலால் கிலோமீற்றரை எண்ணுமுன் விடுதியைப் பற்றி விசாரியுங்கள்: முதலாம் ஆண்டுக்கு இடம் உறுதியா, கடைசி ஆண்டுக்கு உறுதியா, தண்ணீர் எப்படி, இரவிலே நூலகத்திலிருந்து விடுதிக்கு வெளிச்சம் உண்டா.

கல்வி அதிகாரிகளிடமும் எமக்கு ஒரு முறைப்பாடு உண்டு. அறிவியல்நகரில் பீடங்களைக் கொண்டுவந்து வைத்தாயிற்று, நன்று. ஆனால் முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளத்துக்கு வந்து, அங்கே வெயிலில் நின்று, ஏ-9 வழியே வரும் நெரிந்த பேருந்தில் தொங்கிக்கொண்டுதான் போகவேண்டி இருக்கின்றது. புதுக்குடியிருப்பு வழியாகப் பரந்தனுக்குப் போனாலும் இதே கதை. காலையிலும் மாலையிலும் ஒரு நேர் பேருந்து விடுவதற்குப் பெரிய பாராளுமன்ற மசோதா தேவையில்லை. நந்திக்கடலும் நாயாறும் கொக்கிளாய்க் களப்பும், முத்தையன்கட்டும் தண்ணிமுறிப்பும் உள்ள இந்த மாவட்டத்திலே, மாணவர் வந்து தங்கிப் படிக்க ஒரு கள நிலையமாவது அமைக்கும்படி எமது கமக்காரர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் எழுத்திலே கேட்கவேண்டும். கேளாதவனுக்கு யாரும் கொண்டுவந்து கொடுப்பதில்லை. வீட்டுத் திட்டத்தில் இதை நன்றாகக் கண்டுவிட்டோம்.

இறுதியாக, படிவத்துக்கு முன் செய்யக்கூடிய ஒரு சிறு காரியம். சூடு மிதித்து முடிந்த ஒரு நாளில் தகப்பனும் பிள்ளையும், முடிந்தால் தாயும், அறிவியல்நகருக்கோ பம்பைமடுவுக்கோ ஒருமுறை போய் வாருங்கள். வாயிலில் நின்றுவிட்டு வராமல், உள்ளே போய் எமது பக்கத்துப் பிள்ளை ஒன்றைத் தேடிப் பிடித்து, எங்கே சாப்பிடுகிறாய், யாரோடு இருக்கிறாய், எந்தப் பாடம் கஷ்டம் என்று கேளுங்கள். தூரத்து வளாகமானால், சென்ற ஆண்டு அங்கே போன பிள்ளை விடுமுறைக்கு வரும்போது வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு நேரச் சோறு கொடுத்துப் பேசுங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயர்களைச் சேர்த்து வைத்திருக்கின்றோம்; ஞாயிறு பூசைக்குப் பின்னர் பங்கு மனையில் கேட்டுக்கொள்ளலாம். படிவத்தை அதற்குப் பிறகு கடைக்குக் கொண்டுபோங்கள், பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு.